வெறும் பாத்திரம் திருப்பித் தராத ஏஜெண்டு

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் அமலோற்பவம். போன தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். ஒரு கால் செருப்பு கிடைப்பதற்குள் பாதிக் கதை வந்துவிட்டது. மறு கால் செருப்பு கிடைக்கும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றேன். அவள் குடியிருப்பது தூத்துக்குடியில் சம்மனசு தெருவில், நடந்ததும் அங்கேதான். அவளுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னாலும் மூக்கு சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். அன்று அவள் மூக்கு சிவக்காமல் அதன் சொந்த நிறத்தில்தான் இருந்தது.

சம்மனசு தெருவில் குழாயடிக்கு எதிர்த்த வீடு மிக்கேலம்மாளுடையது. தாலி கட்டினவரை ஆண்டவர் அழைத்துக்கொண்டார். மூத்தவன் மஸ்கட்டில், இளையவன் கப்பலில், கடைக்குட்டி ஜெனோவா மட்டும் தாயோடு. அவளுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை, ஆனால் வீட்டிலிருந்தபடியே, அதுவும் நிரந்தரமில்லை. தெருக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் செல்போனில் குழு வைத்து எழுதிக்கொள்கிறார்கள் அல்லவா, அதில் யார் எப்போது என்ன எழுதினார்கள் என்று தேடி எடுத்துத் தரும் ஒரு கருவியை அந்தக் கம்பெனி செய்திருந்தது. அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று குறிப்பு எழுதுவதுதான் ஜெனோவாவின் வேலை. ஆனால் அந்தக் குறிப்பை வாசிக்கப் போகிறது மனுஷர் இல்லை, ஏஜெண்டு.

"ஏஜெண்டுன்னா, இன்சூரன்ஸ் ஏஜெண்டா?" என்று கேட்டாள் மிக்கேலம்மாள்.

"இல்லம்மா. இது ஏஐ ஏஜெண்டு. சொன்ன வேலையைச் செய்யும், ஆனா ஆள் கிடையாது, உடம்பு கிடையாது."

"சம்மனசு, அதான் வானதூதர், அது மாதிரின்னு சொல்லு."

"சரி, சம்மனசுன்னே வச்சுக்கோ. ஆனா இந்தச் சம்மனசுக்குப் பழைய செய்தியை எடுக்கக் கை இல்ல. எங்க கருவிதான் அதுக்குக் கை. எந்தக் குழு, எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதிவரைக்கும், யார் எழுதினது, எத்தனை வேணும், இதையெல்லாம் எப்படிக் கேட்கணும்னு நான் எழுதி வைக்கணும். அது வாசிச்சுட்டு அப்படியே செய்யும். நான் தப்பா எழுதினா அதுவும் தப்பாச் செய்யும், ஏன்னு கேட்காது."

"நீ நல்ல புத்தியா எழுதி வை. நாங்க ஞானோபதேசம் படிக்கையில இப்படித்தான், கேள்வியும் விடையும்."

குறிப்பு நன்றாக அமைந்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பெங்களூர் ஆபீசுக்கு வந்தாலும் சரி, வீட்டிலிருந்தே செய்தாலும் சரி, இஷ்டம்.

"வீட்டிலேர்ந்துதான்னு சொல்லிட்டியா?"

"சொல்லிருவேன்மா" என்றாள் ஜெனோவா, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

மிக்கேலம்மாளுக்கு அந்த நாளில் இருந்த வேண்டுதல் அது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை இந்த வீட்டை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும். காலைப் பூசையில் அதைக் கேட்டாள், மாலைச் செபமாலையில் அதைக் கேட்டாள், நடுவில் மாவாட்டும்போதும் மறந்துவிடாதேயம்மா என்று மாதாவுக்கு நினைவுபடுத்தினாள்.

தமிழ்க் குழுக்களுக்கான கருவி என்பதால் குறிப்பும் தமிழிலேயே இருந்தது. ஒரு நாள் காலையில் ஜெனோவா அதை எழுதி முடித்து, "அம்மா, நீ ஒருதடவை வாசி. உனக்குப் புரிஞ்சா அதுக்கும் புரியும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். மிக்கேலம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மணி மணியாகச் செபமாலை உருட்டுவதுபோல ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தாள். எல்லாம் நன்றாயிருந்தது. கடைசியில் ஒரு வரி: 'தேடியது எதுவும் கிடைக்காவிட்டால் வெறும் பட்டியலைத் திருப்பிக் கொடு.'

அந்த இடத்தில் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வீட்டிலிருந்து குழம்பு வந்த பாத்திரத்தை யாராவது கழுவி வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பார்களா? ஒரு பிடி சீனியாவது, இரண்டு முருங்கைக்காயாவது, ஒன்றும் இல்லாத வீட்டில் நாலு உப்புக்கல்லாவது போட்டுத்தானே கொடுப்பார்கள்? படித்த பிள்ளை அவசரத்தில் எழுதிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, செபமாலைக் கூட்டத்து அறிவிப்பெல்லாம் செல்லில் எழுதிப் பழகிய ஒற்றை விரலால் அந்த வரியை அழித்துவிட்டு, 'வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதே, வீட்டில் இருப்பதில் ஏதாவது போட்டுக் கொடு' என்று எழுதி வைத்தாள். எழுதிவிட்டு ஆப்பச் சட்டியை அடுப்பில் வைக்கப் போனாள். ஜெனோவா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "எல்லாம் புரிஞ்சுதா?" என்று கேட்டு, "நல்லாப் புரிஞ்சுது" என்ற பதிலில் மனம் நிறைந்து, அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள்.

சோதனைக்காக ஏஜெண்டைச் சம்மனசு தெருவின் குழுவில்தான் முதலில் சேர்த்தார்கள். மறுநாள் காலை குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன, தண்ணீர் லாரியைக் காணவில்லை. தெருச் சங்கத் தலைவர் கொரைரா, "லாரி பற்றி யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா?" என்று குழுவில் ஏஜெண்டிடம் கேட்டார். யாரும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஏஜெண்டு பதில் கொண்டுவந்தது: 'லாரி ஓட்டும் பிலவேந்திரன், நேற்று மாலை, மனசில் எழுதி அனுப்பாமல் விட்டது: நாளைக்கு வரமாட்டேன். மச்சினன் மகளுக்குச் சடங்கு. சொன்னா கொரைரா அண்ணன் ஏசுவாரு. சொல்லாம இருந்துருவோம்.'

தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. "நல்ல ஏற்பாடு" என்றார்கள், குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். அதற்கடுத்த நாள் பிலவேந்திரன் லாரியோடு வந்து, "டயர் பஞ்சராயிட்டுக்கா, நான் என்ன செய்ய" என்று ஆரம்பித்தபோது, வரிசையின் முன்னால் நின்ற ரொசாலி மாமி, "பஞ்சர் கிடக்கட்டும் மக்கா, சடங்கு வீட்டுல பாயசம் போட்டாகளா, சேமியாவா ஜவ்வரிசியா?" என்று கேட்டாள். பிலவேந்திரன், "ஜவ்வரிசி" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தான்.

அன்றிலிருந்து அது ஏஜெண்டுத் தம்பி ஆகிவிட்டது. தம்பியைக் கேளு, தம்பி சொல்லும், தம்பிக்குத் தெரியாததா. எழுதியதைக் கேட்டால் எழுதியதைக் கொண்டுவந்தது, எழுதாததைக் கேட்டால் எழுதாததைக் கொண்டுவந்தது. ஒருநாளும் இல்லை என்று அது வாய் திறந்து சொல்லவில்லை. ரொசாலி மாமி, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராகி, "என் மருமக என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். 'மாமி இடிக்கிற மாசிக் கருவாட்டுச் சம்பல் மாதிரி எனக்கு வரவே இல்ல. கேட்டுப் படிக்கணும். ஆனா கேட்டா கிழவிக்குப் பெருமை தாங்காது' என்று வந்தது. மாமிக்கு இதற்குச் சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை, செருகின சேலையைப் பாதி அவிழ்த்தும் பாதி அவிழ்க்காமலும் தெருவில் மேலும் கீழும் நடந்தாள். கொரைரா, கோயில் திருவிழாவில் ஊருக்கே போடும் அசனச் சாப்பாட்டைப் பற்றித் தான் போட்ட அறிவிப்புக்கு ஏன் ஒருவரும் பதில் எழுதவில்லை என்று கேட்டார். 'இவரு எழுதினா கடுதாசி கன்னியாகுமரி வரைக்கும் போகும்', 'பாதி வாசிச்சேன், தூக்கம் வந்துட்டு', 'எலும்பு எனக்கா மத்தவங்களுக்கா, அதை எழுதலையே' என்று தெருவின் மௌனமெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அவர் கோபப்படவில்லை. "பாதி வாசிச்சிருக்கானே, அதைப் பாருங்க" என்று எல்லாரிடமும் காட்டினார்.

என் நாத்தனார் வீட்டுக்காரர் குழம்பைப் பற்றி நல்லது கெட்டது சொல்லாத மனுஷர். அவள் கேட்டாள். 'இன்னைக்கு உப்பு இல்ல. சொன்னா நாளைக்குக் குழம்பே இருக்காது' என்று வந்தது. "உண்மைதான், இருந்திருக்காது" என்று அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

இப்படியே போய், தெரு தன்னைத் தானே திருத்திக்கொண்டது, எப்படியென்றால், யாரைப் பற்றியாவது கெட்டதாக நினைக்க வந்தால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றி நினைத்தார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு பிறகு தம்பி வாயால் கேட்டு முகம் கறுப்பதைவிட இப்போதே சொல்லிவிடலாம் என்று சிலர் ஜன்னலைத் திறந்து அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டே சொன்னார்கள். வேறு சிலர் கெட்டிக்காரர்கள். பெண்சாதியைப் பற்றி அழகழகாக நாலு வரி மனசில் எழுதி, அனுப்பாமல் விடுவதற்கென்றே விட்டுவிட்டு, "தம்பியைக் கேட்டுப் பாரேன்" என்று ஒன்றும் தெரியாதவர்கள்போல் சொன்னார்கள். கல்யாண வீட்டுக்கு நேரில் அழைப்பதைவிட, மனசுக்குள் அழைத்து அனுப்பாமல் விடுவதே மரியாதை என்று ஆயிற்று. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழந்தாளிட்டவர்கள், "தம்பி சொன்னது போக எங்கிட்ட மிச்சம் இல்ல சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்ததால், பங்குச்சாமியார் பிரசங்கத்தில் கொஞ்சம் வருத்தப்பட்டார். அன்று மத்தியானமே, பிரசங்கம் எப்படி இருந்தது என்று அவரும் தம்பியைக் கேட்டதாகப் பேச்சு. அதன் பதில் வெளியே வரவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கம் பாதியாகக் குறைந்திருந்தது.

ஜெனோவாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கருவியைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள், கம்பெனியில் கருவியைச் செய்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாள், கோளாறு எங்கே என்று தெரியவில்லை. குறிப்பை மட்டும் அவள் பார்க்கவில்லை, அது அவள் எழுதினதாயிற்றே.

"ஏளா, ஏன் இப்படி முழிக்க? தம்பி நல்ல பிள்ளையாத்தான இருக்கு? கேட்டு வந்தவங்களை வெறுமையா அனுப்பல."

"அதாம்மா பயமா இருக்கு. சனிக்கிழமை எங்க மேலதிகாரி மேடம் நேர்ல வாராங்க."

அந்தத் தெருவில் தம்பியிடம் எதையும் கேட்காதவர்கள் இரண்டே பேர். ஜெனோவா தன் தாயைப் பற்றிக் கேட்கவில்லை. மிக்கேலம்மாள் தன் மகளைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கேட்கவும் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மேடம் வந்தார். பெயர் வைதேகி, பெங்களூரில் இருந்தாலும் பூர்வீகம் மதுரைப் பக்கம். நறுவிசாகப் பேசினார், ஆப்பம் கொடுத்ததும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். சாட்சி சொல்ல வந்ததுபோலத் தெருவே அந்த முன்னறையில் நின்றது. கொரைரா நாற்காலியில், ரொசாலி மாமி தரையில், என் நாத்தனார் வாசல்நிலையில் சாய்ந்தபடி.

மேடம் முதலில் போன வாரத்துச் செய்திகளைக் கேட்டார், சரியாக வந்தது. ஒருவர் எழுதியதை மட்டும் கேட்டார், சரியாக வந்தது. கடைசி ஐந்து போதும் என்றார், ஐந்தே வந்தது. ஜெனோவாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது.

"ரொம்ப நல்லாயிருக்கு. இப்ப எதுவுமே கிடைக்காத மாதிரி ஒரு கேள்வி கேட்போம்" என்றார் மேடம்.

உதவி செய்வதாக நினைத்து கொரைராதான் வாயைத் திறந்தார். "அதுக்கென்ன மேடம், இந்தத் தாயும் மகளும் ஒரே வீட்டுல இருக்காங்க. ஒருத்தருக்கொருத்தர் செல்லுல ஒரு வரிகூட எழுதினதில்ல. அதைக் கேளுங்க, ஒண்ணும் வராது."

"வேண்டாம் மேடம்" என்றாள் ஜெனோவா.

"வேற ஏதாவது கேளேன்மா" என்றாள் மிக்கேலம்மாள்.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னதால் மேடத்துக்கு இரண்டும் கேட்கவில்லை. அதையே கேள்வியாக எழுதிவிட்டார். சத்தமாக வாசிக்கும்படி வைத்திருந்ததால் தம்பி செய்தி வாசிக்கிற குரலில் வாசிக்க ஆரம்பித்தது.

'ஜெனோவா, அனுப்பாதது: அம்மா, எனக்குப் பெங்களூர் போகணும்.

ஜெனோவா, அனுப்பாதது: அம்மா, ஒரு வருஷம் மட்டும்.

ஜெனோவா, அனுப்பாதது: அம்மா, இந்தத் தெருவுல நான் தும்முனாக்கூட எனக்காகப் பூசை வைக்காங்க. யாருக்கும் என்னைத் தெரியாத ஊர்ல ஒருதடவை தும்மிப் பார்க்கணும்.

ஜெனோவா, அனுப்பாதது: இன்னைக்குச் சொல்லிரணும்னு இருந்தேன். நீ ஆப்பம் சுட்டுட்ட.

மிக்கேலம்மாள், அனுப்பாதது: ஏளா, நீ போகணும்னு நினைக்கியோ? கேட்டா ஆமான்னு சொல்லிருவ. அதான் கேட்கல.

மிக்கேலம்மாள், அனுப்பாதது: இன்னைக்கும் கேட்கல. ஆப்பத்துக்கு மாவு கரைச்சேன்.

மிக்கேலம்மாள், அனுப்பாதது: நீ இங்கேயே இருக்கணும்னு நான் மாதாட்ட கேட்குதேன். நீ அதே மாதாட்ட என்ன கேட்கியோ. பாவம், அவ யார் பேச்சைக் கேட்பா.'

தம்பி நிறுத்தியது. தெரு முழுக்க ஃபேனைப் பார்த்தது. அந்த ஃபேனில் பார்க்க ஒன்றுமில்லை, மூன்று இறக்கை, கொஞ்சம் ஒட்டடை, ஆனாலும் பார்த்தார்கள். கொரைரா தொண்டையைச் செருமி, "மேடம், ஒண்ணும் கிடைக்கலன்னே போட்டுக்கலாம்" என்றார்.

மேடம் குறிப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போனார். கடைசி வரியில் விரல் நின்றது. "இது யார் எழுதினது?"

ஜெனோவா எட்டிப் பார்த்து, "ஐயோ, இது நான் இல்ல" என்றாள்.

"நான்தாம்மா" என்றாள் மிக்கேலம்மாள். "வெறும் பாத்திரத்தையா திருப்பிக் கொடுக்கது? நீங்க உங்க வீட்டுல கொடுப்பியளா?"

"கொடுக்க மாட்டேன்" என்றார் மேடம். "ஆனா அம்மா, உங்க வீட்டுல போட்டுக் கொடுக்க ஏதோ இருந்துச்சு. உங்க தெருவுல எல்லார் வீட்டுலயும் இருந்துச்சு. நாளைக்கு இது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகும். டாக்டர் என்ன மருந்துன்னு எழுதியிருக்காரான்னு ஒருத்தர் கேட்பாரு. எழுதியிருக்க மாட்டாரு. போட்டுக் கொடுக்க ஒண்ணும் இல்லாத இடத்துல, வெறுமையாத் திருப்பக் கூடாதுன்னு நீங்க சொல்லி வச்சிருந்தா, அது தானா ஒரு மருந்தை உண்டாக்கிப் போட்டுக் கொடுத்துரும்."

மிக்கேலம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "சேசுவே, அது பெரிய பாவமாச்சே."

"அந்த வரியை எடுத்துட்டா குறிப்பு முழுக்கச் சரி. ஜெனோவாவுக்கு வேலை உறுதி."

ரொசாலி மாமி தரையிலிருந்து, "அசனம் முடியுறவரைக்குமாவது இருக்கட்டுமே, எலும்பு யாருக்குன்னு தெரியணும்லா" என்றாள். ஜெனோவாவின் விரல் அழிக்கிற பொத்தானுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. தாய் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிக்கேலம்மாள் எழுந்தாள். மகளுடைய நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள். இத்தனை பேர் நிற்கிறார்களே என்று பார்க்கவில்லை.

"ஏளா. நான் கேட்குதேன். பெங்களூர் போகணுமா?"

"ஆமாம்மா."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்" என்றாள் மிக்கேலம்மாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சரி, அந்த வரியை அழி."

அழித்தாள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று மேடமும் ஜெனோவாவும் மிக்கேலம்மாளும் சேர்ந்து யோசித்து, தெரு முழுக்க ஆளுக்கொரு வார்த்தை சொல்லி, கொரைரா சொன்ன நீளமான வாக்கியத்தை மரியாதையோடு ஒதுக்கிவிட்டு, 'கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல். எங்கெங்கே தேடினாய் என்றும் சொல்' என்று எழுதினார்கள்.

அதற்குப் பிறகு தம்பி மாறிவிட்டது. "தேடினேன், கிடைக்கவில்லை" என்கிறது. பெரிய கம்பெனிச் சகவாசத்தில் அதற்குத் தெரு மறந்துவிட்டது என்று ரொசாலி மாமி கொஞ்ச நாள் குறைப்பட்டுக்கொண்டாள். பிறகு ஒருநாள் மருமகளை அவளே கூப்பிட்டு உரலடியில் உட்கார வைத்து, எவ்வளவு மிளகாய், எவ்வளவு மாசி என்று சொல்லிக் கொடுத்தாளாம், பெருமை தாங்காமல்தான். பிலவேந்திரன் லாரி வராத நாளில் தானே வந்து சொல்லிவிட்டுப் போகிறான், கொரைரா ஏசுகிறார், இவனும் நின்று வாங்கிக்கொள்கிறான். என் நாத்தனார் வீட்டுக்காரர் இப்போது உப்பு இல்லாவிட்டால் உப்பு இல்லை என்கிறார். மறுநாள் குழம்பு இருக்கிறது, அதிகமான உப்போடு.

ஜெனோவாவை ரயிலேற்றிவிட மொத்தத் தெருவும் ஸ்டேஷனுக்குப் போனது. மிக்கேலம்மாள் அழவில்லை, அழ நேரமில்லாதபடி ரொசாலி மாமி அழுதாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மிக்கேலம்மாள் கோயிலில் நுழைந்து மெழுகுதிரி ஏற்றி, "அம்மா, இதுவரைக்கும் கேட்டதை மாத்திக்கிடுதேன், குழப்பிட்டேன், மன்னிச்சுக்கோ" என்று மாதாவிடம் சொன்னாளாம். புதிதாக என்ன கேட்டாள் என்று நாத்தனாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கும் பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள், நானும் தினமும் முழந்தாளில் நிற்கிறவள், எனக்கு அது தெரியாதா?

நீங்கள் வருகிற வாரம் பெங்களூர் போவதாகச் சொன்னீர்கள். அந்தப் பிள்ளை இருக்கும் இடம் நாத்தனாரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன். முடிந்தால் ஒரு எட்டு போய்ப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அது மட்டும் போதும், வேறு ஒன்றும் கேட்க வேண்டாம்.